போன்ல போட்டா மோட்டர் ஓடலையா, ஓடுனது நிக்கலையா? உப்புக்காத்து ஊருல மொபைல் ஸ்டார்ட்டர் கோளாறு பாக்குறது எப்படி

மொபைல் ஸ்டார்ட்டர் மாட்டியிருக்கிற ஆளுகளுக்காக இத எழுதுறேன், அதாவது போன்ல கூப்புட்டாலோ மெசேஜ் போட்டாலோ தோப்புல இருக்கிற மோட்டர ஓட்டி நிறுத்துற அந்தப் பெட்டி. தொண்டி, தேவிபட்டினம், உச்சிப்புளி, மண்டபம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம்னு இந்தக் கரை பூராவும் நெறய வீட்டுல ஒரு ஆளாவது வெளிநாட்டுல இருக்காக, தோப்பு இங்க, ஆளு அங்க, அதனால இந்தப் பெட்டிக்கு நம்ம பக்கம் நல்ல தேவை இருக்கு. பெட்டியோட வர்ற புத்தகம் எந்த ஊருக்கும் பொதுவா எழுதுனது, ஆனா கோயம்புத்தூர்ல மாட்டுன பெட்டியும் பாம்பன்ல மாட்டுன பெட்டியும் ஒரே மாதிரி கெட்டுப்போறதில்ல, இங்கிட்டு வர்ற கோளாறுல முக்காவாசி உப்புக்காத்து கை வச்ச வேலையாத்தான் இருக்கும். அதனால உங்களுக்கு என்ன மாதிரி நடக்குதோ அந்தத் தலைப்புக்குப் போங்க, ஆனா அடுத்து வர்றத மட்டும் எல்லாரும் படிச்சுட்டுப் போங்க.

பெட்டியத் தொறக்குறதுக்கு முன்னாடி

மெயின இறக்குங்க, இறக்குனா மட்டும் பத்தாது, பீஸ் கேரியரப் புடுங்கி சட்டப் பையில போட்டுக்கங்க. சாதா ஸ்டார்ட்டர்ல சிவப்பு பட்டன அமுக்கிட்டு கப்ளிங்ல கைய வைக்கிற பழக்கம் நெறய பேருக்கு இருக்கு, மொபைல் ஸ்டார்ட்டர்ல அது உயிருக்கே ஆபத்து. நீங்க கைய உள்ள விட்டிருக்கிற நேரத்துல ஷார்ஜாவுல இருக்கிற மச்சான் தென்னைக்கு தண்ணி பாய்ச்சணுமேன்னு ஒரு மிஸ்டு கால் விட்டா மோட்டர் சுத்திரும், அங்க இருக்கிறவருக்கு மோட்டர்கிட்ட ஆளு நிக்கிறது எப்படித் தெரியும்? அதனால வேலை ஆரம்பிக்கும் முன்னாடி வீட்டு குரூப்புல "மோட்டர்ல வேலை நடக்குது, யாரும் கூப்புடாதீங்க"ன்னு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டுருங்க, போட்டாலும் பீஸ் கேரியர் பையிலதான் இருக்கணும். அதுக்கப்பறம் டெஸ்டர வச்சு மூணு பேசுலயும் பாருங்க. சிங்கிள் பேஸ் பேனலா இருந்தா கரண்ட் எடுத்த பொறகும் கப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும், அத இறக்காம தொடாதீங்க. இது எதுவும் பழக்கமில்லாட்டி தயவுசெஞ்சு தெரிஞ்ச எலக்ட்ரீசியனக் கூப்புடுங்க, கீழ இருக்கிறத அவருக்குப் படிச்சுக் காமிங்க, அவருக்கும் பாதி நேரம் மிச்சம்.

எந்தப் பக்கம் கோளாறுன்னு முதல்ல பிரிச்சுக்கங்க

பெட்டிய மேனுவல்ல போட்டு, ஸ்டார்ட்டர்ல இருக்கிற பச்சை பட்டனக் கையால அமுக்குங்க. மோட்டர் எடுத்து, கைய எடுத்த பொறகும் நல்லா ஓடுதுன்னா மோட்டரும் சரி, கான்டாக்டரும் (ஸ்டார்ட்டருக்குள்ள காந்தத்தால இழுத்து மோட்டருக்குக் கரண்ட விடுற பெரிய ஸ்விட்ச்) சரி, வந்துக்கிட்டு இருக்கிற கரண்டும் சரி, கோளாறு சிம்முல, பெட்டில, இல்ல பெட்டிக்கும் ஸ்டார்ட்டருக்கும் நடுவுல ஓடுற சின்ன வயர்ல இருக்கு. கையால போட்டாலும் எடுக்கலையா, மொபைல் ஸ்டார்ட்டர்காரர மறந்துருங்க, அது கரண்ட், கான்டாக்டர், இல்லாட்டி மோட்டர் பிரச்சனை. இந்த ஒரு வேலைய செய்யாமலே பெட்டியக் கழட்டி பஸ்ல மதுரைக்குக் கொண்டு போற ஆளுக இருக்காக, அங்க கடைல வச்சுப் பாத்தா பெட்டி நல்லா வேலை செய்யும், திரும்பி வந்து மாட்டுனா மறுபடி அதே கதை.

கரண்டப் பாக்கும்போது "லைட்டு எரியுதே"ன்னு விட்டுறாதீங்க. மூணு பேஸ் மோட்டருக்கு பேசுக்கும் பேசுக்கும் நடுவுல 415 வோல்ட் பக்கம் நிக்கணும். கான்டாக்டர் காயில் அதோட ரேட்டிங்ல 85 சதவீதமாவது வந்தாத்தான் உறுதியா இழுத்துப் புடிக்கும், அதாவது 415 காயிலுக்கு 350க்கு மேல வேணும். அதுக்குக் கீழ போனா காயில் இழுக்காது, இல்ல டர்ருன்னு அடிச்சுக்கிட்டே இருக்கும், அப்படி அடிச்சுக்கிட்டு இருக்க விட்டா காயிலும் போயிரும் முனையும் கருகிரும். லைனோட கடைசில இருக்கிற தோப்புகள்ல, எல்லாரும் ஒரே நேரத்துல மோட்டர் போடும்போது இது அடிக்கடி வரும், நேரத்த மாத்திப் போடுறதுதான் வழி.

கூப்புட்டா "ஸ்விட்ச் ஆஃப்", "தொடர்பு எல்லைக்கு வெளியே"

சிம்முல இருந்து ஆரம்பிங்க. ரீசார்ஜ் முடிஞ்சிருச்சான்னு பாருங்க, வேலிடிட்டி முடிஞ்சா இன்கமிங்கும் நின்னுரும், பெட்டில கிடக்குற சிம்ம யாரும் ஞாபகம் வச்சு ரீசார்ஜ் பண்றதில்ல. ஒரு சிம்ம 90 நாள் எந்த உபயோகமும் இல்லாம போட்டு வச்சா கம்பெனிக்காரன் கட் பண்றதுக்கு விதியில இடம் இருக்கு, நம்பர் வேற ஆளுக்குப் போயிரும். பழைய பெட்டிகள் பூரா 2ஜில ஓடுறது, ஜியோவுக்கு 2ஜியே கிடையாது, அதனால பழைய பெட்டில ஜியோ சிம்மப் போட்டுட்டு டவர் வரலைன்னு உக்காந்திருக்கிறதுல அர்த்தமில்ல. 4ஜி பெட்டியா 2ஜி பெட்டியான்னு வாங்கும்போதே கேட்டுருங்க. சிம்முல பின் லாக் போட்டிருந்தாலும் பெட்டியால தொறக்க முடியாது, சாதா போன்ல போட்டு பின்ன எடுத்துட்டு மாட்டுங்க.

சிம் நல்லா இருக்குன்னா அடுத்தது ஆன்டெனா. ஸ்டார்ட்டர் பெட்டி இரும்பு, மோட்டர் ரூமுக்கு மேல தகரம், இதுக்குள்ள குட்டி ஆன்டெனா இருந்தா டவர் எங்கிட்டு வரும்? மூணு மீட்டர் வயர் வச்ச ஆன்டெனா கிடைக்கும், அத வெளிய, உசரத்துல, பைப்போட சேர்த்துக் கட்டுங்க. ஆனா நம்ம ஊருல ஆன்டெனா வெளிய இருந்தா மட்டும் பத்தாது, அது பெட்டில திருகுற நட்டக் கழட்டிப் பாருங்க, நடுவுல ஒரு ஊசி இருக்கும், அதுல பச்சையாவோ வெள்ளையாவோ பூத்திருந்தா அதுதான் கோளாறு. வெளிய பளபளன்னு இருக்கும், உள்ள ஊசி மட்டும் பூத்திருக்கும், பல பேரு இதப் பாக்காமலே பெட்டிய மாத்திர்றாக. கான்டாக்ட் கிளீனர் அடிச்சு, பழைய பல்லு பிரஷ்ஷால லேசா தேய்ச்சு, காய வச்சு, மாட்டி, நட்டு மேல இருந்து வயர் வரைக்கும் ரப்பர் டேப் இழுத்துச் சுத்திருங்க. சாதா இன்சுலேஷன் டேப்பு கச்சான் காத்து அடிக்கிற மாசத்துலயே பிரிஞ்சு கொடியாத் தொங்கும்.

சிம்மோட தகடும் அதே மாதிரிதான், கழட்டி அழிரப்பரால தேய்ங்க. தனுஷ்கோடிப் பக்கம் போனா நம்ம போன்லயே இலங்கை டவர் வந்து நிக்கிறது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், ராமேஸ்வரம் தீவுல கடக்கரைய ஒட்டி தோப்பு இருந்தா சிம்ம ஒரு போன்ல போட்டு நெட்வொர்க்க மேனுவலா நம்ம கம்பெனில வச்சு, அந்த எடத்துல எந்தக் கம்பெனி நல்லா எடுக்குதுன்னு பாத்துட்டு அந்தச் சிம்ம வாங்குங்க.

இன்னொண்ணு, கூப்புடும்போது ஒரு ரிங் போயிட்டு கட்டாகுது, பெட்டில லைட்டு எல்லாம் அணைஞ்சு மறுபடி எரியுதுன்னா அது டவர் இல்ல, பெட்டிக்கு உள்ள இருக்கிற பவர் சப்ளை. 2ஜி மோடம் பேசுற நொடியில 2 ஆம்ப்ஸ் வரைக்கும் இழுக்கும், அடாப்டரோ உள்ள இருக்கிற பேட்டரியோ தளர்ந்து போனா அந்த நொடியில படுத்துரும். பேட்டரிய மாத்துங்க. கரண்ட் போனா "கரண்ட் போயிருச்சு"ன்னு வர்ற மெசேஜ் வராம இருந்தாலும் அதே பேட்டரிதான்.

ரிங் போகுது, பெட்டி எடுக்குது, ஒண்ணும் நடக்கல

நம்பர் பதிவுதான். பெட்டி உங்க நம்பர வச்சுத்தான் உங்கள அடையாளம் கண்டுபுடிக்குது. ஊருல இருந்தப்ப பத்து இலக்க நம்பரா பதிஞ்சது, அங்க போயி அந்த நாட்டு சிம்முல கூப்புட்டா அது யாரோ. வெளிநாட்டு நம்பரப் பதியும்போது முன்னாடி பிளஸ் போட்டு நாட்டுக் கோடோட பதியணும். அப்படிப் பதிஞ்சும் சில நேரம் எடுக்காது, ஏன்னா வெளிநாட்டுக் கால் சில வழியா வரும்போது இங்க வேற நம்பரா விழும், ஊருல இருக்கிற ஆளு போனுக்கு ஒரு கால் போட்டு என்ன நம்பர் விழுதுன்னு கேளுங்க, மாறி மாறி விழுந்தா கால் முறைய நம்பாதீங்க. அவுகளுக்கு ஆப் வச்சு ஓடுற 4ஜி பெட்டிதான் சரி, இல்லாட்டி ஊருல ஒரு ஆளு நம்பரப் பதிஞ்சு அவர் மூலமாப் போடுறது. கீழக்கரைல ஒரு காக்கா (அண்ணன்) வாட்ஸ்அப்ல கூப்புட்டுக் கூப்புட்டுப் பாத்துட்டு பெட்டி ரிப்பேர்னு சொன்னாக, பெட்டில வாட்ஸ்அப் கிடையாது, சாதா கால்தான் போகும்.

சில பெட்டில "எந்த நம்பர்ல இருந்து வந்தாலும் ஏத்துக்க"ன்னு ஒரு செட்டிங் இருக்கும், வசதின்னு அத வச்சிராதீங்க. லோன் வேணுமான்னு கூப்புடுற விளம்பரக் கால் வந்தாலும் மோட்டர் ஓடும்.

"மோட்டர் ஆன்"னு மெசேஜ் வருது, மோட்டர் ஓடல

இதுதான் நெறய பேரக் குழப்புறது. மெசேஜ எத வச்சு அனுப்புதுன்னு தெரிஞ்சுக்கங்க. மலிவுப் பெட்டிகள் தன்னோட ரிலேய (பெட்டிக்குள்ள இருக்கிற சின்ன ஸ்விட்ச) அடிச்ச உடனே "ஆன்"னு அனுப்பிரும், மோட்டர் உண்மையில சுத்துதா இல்லையான்னு அதுக்குத் தெரியாது. நல்ல பெட்டில கரண்ட் பாக்குற சிடி வளையம் இருக்கும், மோட்டர் வயர் அது வழியாப் போகும், ஆம்ப்ஸ் வந்த பொறகுதான் "ஆன்"னு சொல்லும், கூடவே எத்தனை ஆம்ப்ஸ்னும் சொல்லும். புதுசா வாங்குறவுகளுக்கு நான் சொல்றது இது ஒண்ணுதான், ஆம்ப்ஸ் சொல்லாத பெட்டிய வாங்காதீங்க. தூரத்துல இருந்து போடுறவனுக்கு கண்ணும் காதும் அந்த ஆம்ப்ஸ்தான்.

இப்ப கோளாறு. மெயின் இறக்கி, பெட்டிக்கு மட்டும் தனியா சப்ளை குடுக்க முடிஞ்சா குடுத்து, ஸ்டார்ட்னு போட்டிருக்கிற ரெண்டு முனைல இருந்து வயரக் கழட்டி அங்க மல்டிமீட்டர பஸ்ஸர்ல வச்சுக்கிட்டு போன் போடுங்க. உள்ள டிக்குனு ரிலே சத்தமும் மீட்டர்ல பீப்பும் வந்தா பெட்டி நல்லாருக்கு. டிக் வருது பீப் வரலைன்னா ரிலே முனை போச்சு. ரெண்டும் வரலைன்னா பெட்டியோட போர்டு.

பெட்டி நல்லாருக்குன்னா வயர்ல இறங்குங்க. கணக்கு சிம்பிள்: பெட்டியோட ஸ்டார்ட் ரிலே பச்சை பட்டனுக்குப் பக்கவாட்டுல (பேரலல்), ஸ்டாப் ரிலே சிவப்பு பட்டனோட வரிசையில (சீரிஸ்). அந்தச் சின்ன வயர் முனைகள ஒவ்வொண்ணா இழுத்துப் பாருங்க, நம்ம பக்கம் செம்புக் கம்பி ரப்பருக்கு உள்ள வரைக்கும் கருத்துப் போயிருக்கும், மேல நல்ல வயர் மாதிரி தெரியும், இழுத்தா கையோட வரும். கருப்பு போற வரைக்கும் வெட்டி விடுங்க, வெள்ளீயம் பூசுன லக்கு (வயர் முனைல மாட்டுற உலோகத் துண்டு) கிரிம்ப் பண்ணி, அதாவது இடுக்கியால அமுக்கி மாட்டுங்க, வெறுங்கம்பிய முறுக்கி ஸ்குரூவுல சொருகுறது இந்த ஊருக்கு ஆகாது. டைட் பண்ண பொறகு மேலாப்புல கொஞ்சம் வாஸ்லின் தடவி விடுங்க, உப்பு ஈரம் உள்ள எறங்காது. ஆனா கான்டாக்டர் முனைலயும், அதோட காந்தத் தகட்டுலயும் வாஸ்லினோ கிரீஸோ எண்ணெயோ தப்பித்தவறிக்கூட போடாதீங்க, அடுத்து வர்ற பெரிய பிரச்சனையே அதுல இருந்து வரும்.

பல்லியும் எறும்பும் சொல்லணும். கான்டாக்டர் தகட்டுக்கு நடுவுல ஒரு குட்டிப் பல்லி மாட்டிக்கிட்டா தகடு முழுசா ஒட்டாது, டர்ருன்னு சத்தம் போடும், மோட்டர் எடுக்காது. வயர் வர்ற ஓட்டை எல்லாம் கீழ்ப்பக்கமா இருக்கணும், கிளாண்டு போட்டு அடைச்சிருக்கணும்.

எடுக்குது, உடனே நின்னுருது

எத்தனை நேரத்துல நிக்குதுங்கிறதுதான் துப்பு.

ஒரு ரெண்டு நொடியில, மெசேஜ் எதுவும் வராம நிக்குதுன்னா, கையால போட்டுப் பாருங்க, பச்சைய அமுக்கிக்கிட்டு இருக்கிற வரைக்கும் ஓடி கைய எடுத்தா நிக்குதா? அப்ப கான்டாக்டர் பக்கவாட்டுல இருக்கிற ஹோல்டிங் முனை வேலை செய்யல. 13, 14னு நம்பர் போட்ட எடம். அங்க போற கரண்ட் ரொம்பக் கம்மி, அதனால கொஞ்சம் உப்பு பூத்தாலே கடத்தாது. கிளீனர் அடிச்சுப் பாருங்க, ஒரு வாரத்துல திரும்பி வந்தா அந்த முனை பிளாக்க மாத்திருங்க, விலை பெருசில்ல.

அஞ்சு பத்து நொடி ஓடி, "டிரை ரன்"னு மெசேஜ் வந்து நிக்குதுன்னா ரெண்டு சாத்தியம், ஒண்ணு உண்மையிலேயே தண்ணி இல்ல, இல்லாட்டி செட்டிங் தப்பு. தண்ணி நல்லா வந்துக்கிட்டு இருக்கும்போது டாங் டெஸ்டர் (வயரக் கவ்வி ஆம்ப்ஸ் காட்டுற மீட்டர்) வச்சு ஆம்ப்ஸ் எடுங்க. தண்ணி இல்லாம வெறுமனே சுத்துற பம்பு கரண்ட் கம்மியாத்தான் இழுக்கும், அத வச்சுத்தான் பெட்டி கண்டுபுடிக்குது. தண்ணியோட ஓடும்போது 8 ஆம்ப்ஸ்னா டிரை ரன்ன 6ல வைங்க, ஓவர்லோட ஒன்பது ஒன்பதரைல வைங்க. மாட்ட வர்றவர் பழக்கத்துல ஏதோ ஒரு நம்பர வச்சுட்டுப் போயிருப்பாரு, உங்க மோட்டருக்கு எதுன்னு நீங்கதான் அளந்து வைக்கணும். சிங்கிள் பேஸ்ல சிடி வளையத்துக்குள்ள ஒரு வயரத்தான் விடணும், போறது வர்றது ரெண்டையும் சேர்த்து விட்டா ஒண்ண ஒண்ணு அடிச்சு ஜீரோ காட்டும், ஓடுற மோட்டர ஓடலைன்னு சொல்லி நிறுத்திரும்.

கால் மணி அரை மணி ஓடி நிக்குதுன்னா ஓவர்லோட் ரிலே சூடேறித் தட்டுது, இல்ல கிணத்துல தண்ணி இறங்கிருச்சு. ஓவர்லோட்ட ஏத்தி வச்சு ஓட்டாதீங்க. முனைகள கை வைக்காம கிட்டப் போயி மோந்து பாருங்க, கருகுன வாசம் வந்தா அந்த லக்கு லூசு, அங்கதான் சூடு.

நிறுத்துனாலும் நிக்க மாட்டேங்குது

மத்த கோளாறெல்லாம் நாளைக்குப் பாத்துக்கலாம், இத இன்னைக்கே பாக்கணும். ஊருல இருக்கிற யாரையாவது உடனே அனுப்பி மெயின இறக்கச் சொல்லுங்க, அப்பறமா காரணம் தேடலாம்.

சிவப்பு பட்டன அமுக்கிப் பாருங்க. அமுக்குனா நின்னு நின்னபடியே இருந்தா கான்டாக்டர் நல்லாருக்கு, பெட்டியோட ஸ்டாப் வயர்தான் சிவப்பு பட்டனோட வரிசையில சேரல, யாரோ ரிப்பேர் பாக்கும்போது நேரா இணைச்சு விட்டிருப்பாக. அமுக்குற வரைக்கும் நின்னு, விட்டா மறுபடி எடுக்குதுன்னா ஸ்டார்ட் ரிலே ஒட்டிக்கிட்டு இருக்கு, இல்லாட்டி எங்கயோ பழைய ஆட்டோ ஸ்விட்ச் ஒண்ணு ஆன்ல கிடக்கு. சிவப்ப அமுக்குனாலும் நிக்கலையா, கான்டாக்டர் முனையே ஒட்டிருச்சு, இல்ல காந்தத் தகட்டுல பிசுக்கும் உப்பும் சேர்ந்து தகடு விட மாட்டேங்குது.

முனை ஏன் ஒட்டுதுன்னா, நேரடியா ஸ்டார்ட் ஆகுற மோட்டர் எடுக்குற நொடியில ஓடுற கரண்டப் போல அஞ்சுல இருந்து ஏழு மடங்கு இழுக்கும். கான்டாக்டர் மேல ரெண்டு மூணு ரேட்டிங் எழுதியிருக்கும், மோட்டருக்குப் பாக்க வேண்டியது ஏசி-3னு இருக்கிறது, அத விட்டுட்டு பெருசா எழுதியிருக்கிற ஏசி-1 நம்பரப் பாத்து வாங்குனா சீக்கிரமே ஒட்டும். இது மோட்டருக்கு மட்டும் இல்ல. கனடால இருக்கிற எங்க சொந்தக்காரர் ஒருத்தர் கராஜுல 5000 வாட்ஸ் கரண்ட் ஹீட்டர் வச்சிருக்காரு, அங்க மைனஸ் 20 போற ஊரு, வேலைக்குப் போறதுக்கு முன்னாடி போன்லயே கராஜச் சூடாக்கிறணும்னு 10 ஆம்ப்ஸ் ரிலே உள்ள ஒரு வைஃபை ஸ்விட்ச்ச நேரா அதுல மாட்டிட்டாரு. 240 வோல்ட்ல 5000 வாட்ஸ்னா கிட்டத்தட்ட 21 ஆம்ப்ஸ், ரிலே ஒட்டிக்கிச்சு, போன்ல ஆஃப்னு காட்டுது ஹீட்டர் எரிஞ்சுக்கிட்டே இருக்கு. அவருக்குச் சொன்னதும் இதேதான்: சின்ன ரிலே கான்டாக்டர் காயில மட்டும் இழுக்கட்டும், பெரிய கரண்ட கான்டாக்டர் தூக்கட்டும், ஹீட்டரோட தெர்மோஸ்டாட்டும் அதிக சூட்டுல தானா அணைக்கிற ஸ்விட்சும் போனுக்குக் கட்டுப்படாம தனியா இருக்கட்டும். மோட்டருக்கும் அப்படியே, ஓவர்லோட் ரிலேயக் கழட்டிட்டு "அதான் மொபைல் பெட்டி பாத்துக்குமே"ன்னு விடாதீங்க. பெட்டி செத்தாலும் மோட்டர நிறுத்த ஒண்ணு தனியா வேணும்.

ஒட்டுன முனைய அரம் போட்டுத் தேய்ச்சு மறுபடி மாட்டுறவுக இருக்காக. அதுல இருக்கிற வெள்ளி தேஞ்சு போயிரும், திரும்பவும் ஒட்டும். மாத்திருங்க. காந்தத் தகட்ட மட்டும் காஞ்ச துணியால தொடச்சு எடுத்தாப் போதும்.

யாரும் போடாம தானா ஓடுது

ஆட்டோ மோட்ல கிடக்கு. கரண்ட் போயி வந்த உடனே தானா எடுக்குற செட்டிங் அது. நம்ம பக்கம் ஆட்டோ மோடு வேணாம்னுதான் நான் எல்லாருக்கும் சொல்றேன், ராத்திரி ரெண்டு மணிக்கு கரண்ட் வந்து விடியுற வரைக்கும் ஓடும். கட்டாயம் வேணும்னா கூடவே டைமர் வைங்க, எடுத்ததுல இருந்து இத்தனை நிமிஷம்னு.

மோட்டர் ஓடுது, தண்ணி உப்பா வருது

இது பெட்டியோட கோளாறு இல்லன்னு சொல்லுவாக. என்னையக் கேட்டா இதுதான் மொபைல் ஸ்டார்ட்டரால நம்ம கரைக்கு வர்ற மோசமான கோளாறு, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

உச்சிப்புளி, மண்டபம், ராமேஸ்வரம் தீவு, இங்கெல்லாம் மணலுக்குள்ள நிக்கிற நல்ல தண்ணி மழை பெஞ்சு இறங்குனது, அது கடல் உப்புத்தண்ணிய விட எடை கம்மிங்கிறதுனால அதுக்கு மேல மிதந்துக்கிட்டு நிக்குது. கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நின்னா, கீழ ஏறக்குறைய 40 அடி வரைக்கும் நல்ல தண்ணி நிக்கும், கைபன்-ஹெர்ஸ்பெர்க் கணக்குன்னு சொல்லுவாக. அதையே திருப்பிப் பாருங்க, மேல ஒரு அடி இறங்குனா கீழ இருந்து உப்பு 40 அடி ஏறுறதுக்கு வழி ஆகுது. ஒரே எடத்துல வேகமா இழுக்க இழுக்க மோட்டருக்கு நேர் கீழ உப்பு கூம்பா மேல ஏறி வரும். பொம்பளைக மணல்ல ஊத்துத் தோண்டி சிரட்டையால கொஞ்சம் கொஞ்சமா மொண்டு, ஊற ஊற எடுத்தாகள்ல, அப்படி எடுத்தா மேல நிக்கிற நல்ல தண்ணி மட்டும்தான் வரும். அஞ்சு எச்பி மோட்டர அஞ்சு மணி நேரம் போட்டா அது எப்படித் தாங்கும்?

முன்னாடி மோட்டர் போட்டவரு வரப்புல நிப்பாரு, தண்ணி வாய்ல வச்சுப் பாப்பாரு, கரிக்குதுன்னா நிறுத்திருவாரு. இப்ப போடுறவரு தோஹாவுல இருக்காரு, நாக்கு அங்க இருக்கு. அதனால டைமர வச்சு விட்டு விட்டு ஓட்டுங்க, முக்கா மணி நேரம் ஓடுனா அடுத்த ரெண்டு மணி நேரம் ஓய்வு, ஒரே மூச்சா ஓட்டாதீங்க. பெட்டில சைக்ளிக் டைமர் இருந்தா அதுலயே வைக்கலாம். ஒரு டிடிஎஸ் மீட்டர் (தண்ணில கரைஞ்சிருக்கிற உப்ப அளக்குறது) வாங்கி ஊருல இருக்கிறவுக கையில குடுங்க, மோட்டர் எடுத்த உடனே ஒரு தடவ, நிறுத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவ அளந்து போட்டோ அனுப்பச் சொல்லுங்க. குடிதண்ணிக்கு 500க்குள்ள இருக்கணும், வேற வழியே இல்லாட்டி 2000 வரைக்கும்னு இந்திய தர நிர்ணயத்துல இருக்கு, ஆனா நமக்கு முக்கியமானது அந்த ரெண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம். ஆரம்பத்துல 800, முடிக்கும்போது 1500ன்னா நீங்க ஓட்டுற நேரம் ஜாஸ்தி, குறைங்க. தென்னை ஓரளவு உப்பு தாங்கும், பக்கத்து வீட்டுக் குடிதண்ணிக் கிணறு தாங்காது, அவுகளும் அதே மணல்ல இருந்துதான் எடுக்குறாக. ஒருக்கா உப்பேறுன எடம் திரும்ப இனிக்கணும்னா பல மழை பெய்யணும்.

மழைக்காலத்துல மட்டும் வர்ற கோளாறு

ஐப்பசி கார்த்திகைல வாடைக்காத்தோட மழை வரும்போது பெட்டிக்குள்ள வேர்த்துப்போயி போர்டு மேல ஈரம் நிக்கும், கண்டபடி ரீஸ்டார்ட் ஆகும். ஐபி 65 போட்ட (தூசியும் பீச்சுற தண்ணியும் புகாத) பெட்டிக்குள்ள வைங்க, சிலிக்கா ஜெல் பை ரெண்டு போட்டு மாசத்துக்கு ஒருக்கா காய வச்சுப் போடுங்க, பெட்டிய மேக்கயும் கெழக்கயும் காத்து நேரா அடிக்காத செவுத்துல மாட்டுங்க. இடி மின்னல் நேரத்துல பெட்டியோட சப்ளைய எடுத்து வச்சுர்றது நல்லது, ஊருல ஆளு இருந்தா. மின்னலுக்கு அப்பறம் பெட்டி அப்படியே செத்துக் கிடந்தா உள்ள கரண்ட் வர்ற எடத்துல வட்டமா நீலமாவோ மஞ்சளாவோ ஒரு வில்லை வெடிச்சிருக்கான்னு பாருங்க, அது எம்ஓவி, போர்டக் காப்பாத்த அது தன்னையக் குடுத்திருக்கும், அத மட்டும் மாத்துனா பல நேரம் பெட்டி பொழச்சுக்கும்.

புயல் மழைக்கு அப்பறம் லைன் அறுந்து ஈபிகாரவுக இழுத்துக் கட்டிட்டுப் போன பொறகு "பேஸ் ரிவர்ஸ்"னு மெசேஜ் வந்து மோட்டர் எடுக்க மாட்டேங்குதா, பெட்டி சரியாத்தான் சொல்லுது, கட்டும்போது பேஸ் மாறியிருக்கு. அந்தப் பாதுகாப்பு இல்லாத பெட்டின்னா மோட்டர் தலைகீழா ஓடும், தண்ணி கொஞ்சமா வரும், ஆம்ப்ஸும் வழக்கத்துக்கு மாறா இருக்கும். பக்கத்துத் தோப்புக்காரருக்கும் அதே மாதிரி ஆயிருக்கான்னு கேளுங்க, ஆயிருந்தா லைன்லயே மாறியிருக்கு, ஈபில சொன்னா அவுக மாத்தித் தருவாக. உங்களுக்கு மட்டும்னா மெயின் இறக்கி, பீஸ் கேரியரப் புடுங்கி, ஸ்டார்ட்டருக்கு உள்ள வர்ற மூணு வயர்ல ஏதாச்சும் ரெண்ட இடம் மாத்திப் போட்டு, கையால ஒருக்கா, போன்ல ஒருக்கா ஓட்டிப் பாத்து, ஆம்ப்ஸ் பழைய கணக்குக்கு வந்துருச்சான்னு டாங் டெஸ்டர்ல சரிபாத்துக்கங்க.